பித்தப்பை ஆபரேஷனுக்கு 'எல்லாம் அடக்கம்' என்றார்கள், 77,000 ரூபாய் கூடுதலாகப் பிடுங்கினார்கள்

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்து ஐந்து நாள் ஆகிறது. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேனில் பித்தப்பையில் கல் தெரிந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் போடவில்லை.

டாக்டர் கனிவாகத்தான் பேசினார். தாளில் ஒரு வயிற்றை வரைந்து நான்கு புள்ளி வைத்துக் காட்டினார். "நாலு சின்ன ஓட்டைதாம்மா. நாளைக்கு ஆபரேஷன், நாளான்னைக்கு வீட்டுல இருப்பீங்க." அம்மா சிரித்துவிட்டார். ஒரு மாதமாக வலியில் சுருங்கிக் கிடந்த முகம் அது. அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கீழே பணம் பேசும் பெண், "55,000 மேடம், எல்லாம் அடக்கம்" என்றார். வளையலை அடகு வைத்துக் கட்டினேன். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பென்சிலில் டிக் போட்டுக் கொடுத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஆபரேஷன் தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஒருவர் வெளியே ஓடி வந்தார். "பித்தப்பை ஒட்டிப்போயிருக்கு, வயித்தைத் திறக்கணும், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க." போட்டேன். அம்மா உள்ளே மயக்கத்தில் கிடக்கும்போது வேறு என்ன செய்ய முடியும்? மறுநாள் போக வேண்டியவர் ஐந்து நாள் அங்கே இருந்தார். கடைசி பில் 1,32,000. அதாவது 77,000 ரூபாய் கூடுதல். லேப்ராஸ்கோப்பிக்கு, அதாவது துளை வழியாகச் செய்வதற்கு, முழுக் கட்டணம், திறந்து செய்ததற்குத் தனிக் கட்டணம், இரண்டும் அதில் இருந்தன.

துளை வழியாகத் தொடங்கிய ஆபரேஷனைப் பாதியில் திறந்து முடிப்பது தப்பில்லை. ஒட்டிப்போன இடத்தில் பித்தக் குழாய் சரியாகத் தெரியாவிட்டால் திறப்பதுதான் பாதுகாப்பு, இல்லையென்றால் அந்தக் குழாயே அறுபடலாம். இதை வேறொரு டாக்டர் எனக்கு விளக்கினார். ஆனால் அவர் எங்கள் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். பித்தப்பைச் சுவர் தடித்திருப்பதாக அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படி இருந்தால் திறக்க வேண்டி வரும் வாய்ப்பு கூடுதலாம். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான்கு புள்ளி வரைந்தார்கள்!

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்த ராத்திரி அம்மா தோள் வலிக்கிறது என்று அழுதார். மாரடைப்போ என்று பதறிப்போனேன். நர்ஸ் வந்து, "கேஸ் வலிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே பார்ப்பதற்காக வயிற்றில் கரியமில வாயுவை நிரப்புகிறார்கள், அதனால் தோள் வலி வருவது சகஜம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தால் என்ன?

பில்லைப் பற்றிக் கேட்டேன். கவுன்ட்டரில் "பேக்கேஜ் டெஸ்க்குல கேளுங்க" என்றார்கள். அங்கே போனால் அதே பெண், "திறந்தா பேக்கேஜ்ல வராது மேடம், படிவத்துல இருக்கே" என்றார். மேனேஜர் லீவு. மறுநாள் மீட்டிங். மூன்றாம் நாள், "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, அதுக்கு சந்தோஷப்படுங்க" என்றார். ஆபரேஷன் குறிப்பின் நகல் கேட்டதற்கு, டிஸ்சார்ஜ் சம்மரியே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். 77,000 ரூபாய், எங்களுக்கு நான்கு மாதச் சம்பளம்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். "திறக்க வேண்டி வந்தால் மொத்தம் எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், இல்லையென்றால் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளாகப் பிரித்த பில் வாங்காமல் மிச்சப் பணம் கட்டாதீர்கள். அரசு மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள், அங்கேயும் விசாரியுங்கள். அப்புறம், வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கண் மஞ்சளாவது, வயிற்று வலி கூடுவது, எது வந்தாலும் உடனே ஓடுங்கள்.

மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளிலேயே இருக்கிறது. நாளைக்குத் தையல் பிரிக்க அங்கேயேதான் போகிறோம். எழுத்தில் மனு கொண்டுபோகிறேன், நகலில் சீல் வாங்காமல் திரும்ப மாட்டேன்.