மஃப்ளரும் கைப்பிடிக் கம்பியும்: குறைந்த விலையில் ஓபரா பார்த்த 12 ஆண்டுகள்

கடந்த 12 ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு மாலைப் பொழுதுகளை ஓபரா அரங்குகளில், அதாவது கதையைப் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகங்களின் அரங்குகளில், கழித்திருக்கிறேன். அவற்றில் முழு விலை கொடுத்து, கீழ்த்தளத்தின் நடு வரிசையில் சாய்ந்து அமர்ந்து பார்த்தவை மூன்றே மூன்று. மற்றவை எல்லாம் நின்றும், எட்டிப் பார்த்தும், தூணுக்குப் பின்னாலிருந்து காதால் மட்டும் கேட்டும் கழிந்தவை. பணி நிமித்தமாக ஊர் ஊராகச் செல்லும் ஒருவனுக்கு மாலை வேளைகளில் வேறு வேலை இல்லாததால் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. ஓபராவுக்கென்று ஒதுக்கி வைக்க என்னிடம் பெரிய தொகை ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே இங்கே இசையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. டிக்கெட் வாங்கிப் பட்ட அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன்.

ஓபராவில் மலிவான டிக்கெட் என்பது யாரோ மனமிரங்கித் தரும் தள்ளுபடி அன்று என்பது எனக்கு விளங்கவே இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பழைய அரங்குகளில் அது கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்ட ஒன்று. குதிரை லாடத்தின் வடிவில் வளைந்து, நான்கைந்து அடுக்குகளாக எழும்பும் அந்த அரங்குகளில் பக்கவாட்டு பாக்ஸ்களில், அதாவது சிலர் மட்டும் அமரும் தனித் தடுப்புகளில், அமர்ந்தவர்கள் மேடையைப் பார்ப்பதைவிட எதிர்ப்பக்கத்து பாக்ஸில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே எளிது. உச்சியில் இருந்த கேலரி வசதியற்றவர்களுக்கானது. மிலானின் லா ஸ்காலாவில் கேலரிக்குச் செல்ல இன்றும் பக்கத்துத் தெருவில் தனி வாசல் இருக்கிறது. எனவே ஒரே இரவில், ஒரே கூரைக்குக் கீழே, இருபது முப்பது மடங்கு விலை வேறுபாடு இருப்பது அங்கே இயல்பு. பணத்தைக் குறைத்துக் கொடுக்கிறவர் வேறொன்றைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்: கால்வலி, மறைந்துபோகும் பாதி மேடை, அல்லது உறுதியற்ற காத்திருப்பு. இவற்றில் எதைத் தாங்க முடியும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு ஏமாற்றங்கள் குறைந்தன.

முதலில் கால்வலி. வியன்னா அரசு ஓபரா அரங்கில் நிற்கும் இடங்கள் நானூறுக்கும் மேல் உள்ளன. கீழ்த்தளத்தில் இருப்பவை நடு பாக்ஸுக்கு நேர் கீழே, இருக்கைகளுக்குப் பின்னால் படிப்படியாக உயர்ந்து செல்லும் நிற்கும் படிகள். மேடைக்கு நேராக, நடுவில் நின்று பார்க்கக் கிடைக்கும் இடம். நான் முதன்முதலில் அங்கே நின்றபோது அதன் விலை 4 யூரோ. அதே மாலையில் எனக்கு முன்னால் சில அடி தூரத்தில் அமர்ந்திருந்தவர்கள் 200 யூரோவுக்கு மேல் கொடுத்திருந்தார்கள். இன்று அந்த விலை பல மடங்கு ஏறிவிட்டது என்றாலும் மற்ற இருக்கைகளோடு ஒப்பிட்டால் இன்னும் அற்பத் தொகைதான்.

அந்த முதல் மாலையில் நிகழ்ச்சிக்கு 80 நிமிடம் முன்பு திறக்கும் கவுன்ட்டருக்காக மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த முதியவர் மடக்கு நாற்காலி கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்தபோதே நான் கற்றுக்குட்டி என்பது தெரிந்துவிட்டது. டிக்கெட் கையில் வந்ததும் எல்லோரும் விரைந்து உள்ளே சென்று, கைப்பிடிக் கம்பியில் ஆளுக்கொரு மஃப்ளரைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே சென்றார்கள். கட்டிய துணி இருக்கும்வரை அந்த இடம் உங்களுடையது. எவரும் தொட மாட்டார். என்னிடம் மஃப்ளர் இல்லை. கைக்குட்டையைக் கட்டப் பார்த்தேன், கம்பியின் பருமனுக்கு அது எட்டவில்லை. கடைசியில் பையின் தோள்வாரைக் கழற்றிக் கட்டினேன். அன்றிலிருந்து கோடைக்காலத்திலும் என் பயணப் பையில் ஒரு மெல்லிய மஃப்ளர் இருக்கிறது. நிற்கும் இடத்துக்கும் முன்னால் பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைக் காட்டும் சிறு திரை உண்டு என்பதால் கதை புரியாமல் விழிக்க வேண்டியதில்லை. இப்போது அன்றைய நிகழ்ச்சிக்கான நிற்கும் டிக்கெட்டுகளைக் காலையிலேயே இணையத்திலும் வாங்க முடிவதால் அந்த நீண்ட வரிசை எனக்குத் தேவைப்படுவதில்லை. உண்மையைச் சொன்னால், மடக்கு நாற்காலிக்காரர்களின் பேச்சைக் கேட்கும் வாய்ப்பும் அதோடு போய்விட்டது. எந்தப் பாடகர் எந்த ஆண்டில் எந்த இரவில் தடுமாறினார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

நின்று பார்ப்பதற்கு எந்த ஓபரா என்பது முக்கியம், இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புச்சீனியின் ‘லா போஎம்’ இசை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இடையில் இடைவேளையும் உண்டு. ஸ்ட்ராஸின் ‘சலோமே’ ஏறத்தாழ 100 நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் இடைவேளையே கிடையாது. தாமதமாக வந்தால் நுழைய வழியில்லை, கால் மரத்துப் போனாலும் வெளியேற வழியில்லை. வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ இசை மட்டுமே நாலரை மணி நேரத்தை நெருங்கும். அதை நின்றபடி ஒருமுறை பார்த்தேன். மூன்றாம் அங்கத்தின் நடுவில் பாட்டைவிட என் முழங்காலின் முனகலே பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற மாணவி அங்கம் முழுவதும் தரையில் அமர்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், அதுவே அறிவுடைமை.

அடுத்தது பார்வை. பார்வை குறைந்த இருக்கை என்று அரங்குகள் நாகரிகமாகச் சொல்வதற்குள் பல தரங்கள் உள்ளன. மேடையின் ஓரத்தில் பத்தில் ஒரு பங்கு மறைவதும் அந்தப் பெயரில் வரும், மேடையே தெரியாததும் அதே பெயரில் வரும். ஒருமுறை ஓர் அரங்கில், பெயர் வேண்டாம், அப்படியொரு இருக்கையை வாங்கிவிட்டுச் சென்று பார்த்தால், இரண்டடி தடிமனுள்ள தூண் என் மூக்குக்கு நேரே நின்றது. இடப்பக்கம் சாய்ந்தால் நாயகியின் கட்டில், வலப்பக்கம் சாய்ந்தால் நாயகன்; இருவரும் சந்தித்துக்கொண்ட காட்சி தூணுக்குப் பின்னால் நடந்தது. புகார் செய்தபோது டிக்கெட்டின் அடியில் இருந்த சிற்றெழுத்து வரியைக் காட்டினார்கள். அதன் பிறகு நான் சில விதிகளைக் கைக்கொள்கிறேன். பக்கவாட்டு பாக்ஸில் இரண்டாம், மூன்றாம் வரிசை நாற்காலிகளை ஒருபோதும் வாங்குவதில்லை, ஏனெனில் முன்னால் இருப்பவர் சற்றே முன்சாய்ந்தாலும் நம் மேடை போய்விடும். அதே பணத்துக்கு ஓர் அடுக்கு மேலே, மேடைக்குக் கூடுதல் தொலைவில் கிடைத்தாலும் நடுப்பகுதியையே எடுக்கிறேன். உச்சி அடுக்கின் முதல் வரிசையில் பாதுகாப்புக் கம்பி சரியாகக் கண்மட்டத்தில் ஓடும் அரங்குகளும் உண்டு. அங்கே இரண்டாம் வரிசை மேல். பல அரங்குகளின் இணையதளத்தில் ஒவ்வோர் இருக்கையிலிருந்தும் எடுத்த படம் இருப்பதால் அதைப் பார்க்காமல் பணம் செலுத்துவதில்லை.

இந்தக் கேலரிப் பார்வைக்காக ஒரு காலத்தில் பெருங்கலகமே நடந்திருக்கிறது. இன்றைய லண்டன் ராயல் ஓபரா அரங்கு நிற்கும் கோவென்ட் கார்டனில், தீயில் அழிந்த நாடக அரங்கை 1809இல் புதுப்பித்துத் திறந்தபோது விலையை ஏற்றினார்கள். பணக்காரர்களின் தனி பாக்ஸ்களைக் கூட்டினார்கள். உச்சிக் கேலரியில் அமர்ந்தவர்களுக்கு நடிகர்களின் கால் மட்டுமே தெரிந்தது. பழைய விலை வேண்டும் என்று கூச்சலிட்டும் தட்டி முழக்கியும் பார்வையாளர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் எந்த நாடகத்தையும் ஒழுங்காக நடக்கவிடவில்லை. இறுதியில் நிர்வாகி மன்னிப்புக் கேட்டுக் கீழ்த்தளத்தின் பழைய விலையைத் திருப்பித் தந்தார். அந்தத் தூணுக்குப் பின்னால் அமர்ந்திருந்தபோது அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பார்வையில் இழப்பது ஒலியில் திரும்பக் கிடைக்கிறது என்று கேலரிவாசிகள் சொல்வார்கள். எனக்கு அது பெரும்பாலும் உண்மையாகவே பட்டிருக்கிறது. ஓபராவில் ஒலிவாங்கி இல்லாமல்தான் பாடுகிறார்கள்; குரலும் வாத்தியமும் மேலே எழுந்து கூரையில் கலந்து வருகின்றன. கீழ்த்தளத்தில், மேலடுக்கின் நீட்டத்துக்கு அடியில் சிக்கும் பின்வரிசைகளில், விலை கூடியும் ஒலி மங்கலாக இருப்பதைக் கேட்டிருக்கிறேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் உச்சியில் உள்ள சில மேசை இருக்கைகளிலிருந்து மேடை தெரியவே தெரியாது. சிறு விளக்கொளியில் இசைக்குறிப்புப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்பவர்களுக்கானவை அவை. இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாத எனக்கு அவற்றால் பயனில்லை.

மூன்றாவது வழி உறுதியற்ற காத்திருப்பு. அதே மெட்ரோபாலிட்டனில் வார நாள்களில் அன்றைய நிகழ்ச்சிக்கு நண்பகல் 12 மணிக்கு இணையத்தில் 25 டாலர் டிக்கெட்டுகளை விடுகிறார்கள். எந்த இருக்கை என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் கீழ்த்தளத்திலேயே நல்ல இடம் கிடைத்திருக்கிறது. பணி நிமித்தம் அந்த நகரில் தங்கியிருந்த ஆறு வாரங்களில் ஒன்பது முறை முயன்று நான்கு முறை வென்றேன். கணக்கை முன்கூட்டியே உருவாக்கி, அட்டை விவரங்களைச் சேமித்து, 11:55க்கே உள்நுழைந்து காத்திருக்க வேண்டும். பெயர்பெற்ற பாடகர் பாடும் வெள்ளிக்கிழமைகளில் 12:01க்கு எல்லாம் முடிந்துவிடும். அதே ஓபராவின் ஐந்தாவது காட்சிக்கு, செவ்வாய்க்கிழமை என்றால், 12:20க்குக்கூட இருந்தது. ஏறத்தாழ 3,800 இருக்கைகள் கொண்ட அரங்கை வாரம் முழுதும் நிரப்புவது அவர்களுக்கும் எளிதன்று. லண்டன் ராயல் ஓபரா அரங்கோ வெள்ளிக்கிழமை பகல் 1 மணிக்கு, அடுத்து வரும் நாள்களின் காட்சிகளுக்கு ஒரு பகுதி டிக்கெட்டுகளை விடுகிறது. அங்கே எனக்கு வெற்றியைவிடத் தோல்வியே அதிகம்.

வயதால் கிடைக்கும் சலுகைகளைப் பற்றி நான் பெருமூச்சோடு மட்டுமே எழுத முடியும். பாரிஸில் 28 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் காட்சிக்கு முன்னோட்டமாக ஒரு முழு நிகழ்ச்சியையே மிகக் குறைந்த விலையில் திறந்துவிடுகிறார்கள். லண்டனின் ஆங்கில தேசிய ஓபரா 21 வயதுக்கு உட்பட்டோருக்கு டிக்கெட்டை இலவசமாகவே தருகிறது. வீட்டில் அந்த வயதினர் இருந்தால் வேறெதையும் தேடாமல் இதை முதலில் பாருங்கள்.

இந்த 12 ஆண்டுகளில் நான் செய்த மிகப் பெரிய பிழை ஓர் இடைத்தரகு இணையதளத்தில் வாங்கியது. அரங்கின் பெயரைத் தேடியபோது முதலில் வந்த தளம் அதுவே. அரங்கின் படம், அதே எழுத்துரு, மேலே ‘கடைசி 3 டிக்கெட்டுகள்’ என்று துடித்துக்கொண்டிருந்த சிவப்பு வரி. அவசரத்தில் வாங்கினேன். மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டில் அச்சிட்டிருந்த அசல் விலை நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அன்று மாலை என் வலப்பக்கம் நான்கு இருக்கைகள் காலியாகக் கிடந்தன. இப்போது அரங்கின் சொந்தத் தளத்தின் முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கே நேராகச் செல்கிறேன். தீர்ந்துவிட்டது என்று அங்கே காட்டினாலும் மனம் தளர்வதில்லை. சந்தாதாரர்கள் வர இயலாமல் திருப்பித் தரும் டிக்கெட்டுகள் நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு நாள்களில் ஒன்றிரண்டாக மீண்டும் முளைக்கின்றன. நல்ல இருக்கைகள் சிலவற்றை நான் அப்படித்தான் பிடித்தேன்.

எல்லோரும் பெரிய பெயர்களை நோக்கியே ஓடுவதால் தவறவிடும் ஒன்று சிறிய நகர அரங்குகள். ஜெர்மனியில் மட்டும் பொது நிதியில் இயங்கும் ஓபரா அரங்குகள் ஏறத்தாழ 80 உள்ளன. நிரந்தரக் குழுவாக மாதச் சம்பளத்துக்குப் பாடுபவர்கள்தான் அங்கே பெரும்பாலும். இன்று ராணியாகப் பாடியவர் நாளை தோழியாக வருவார். புகழ்பெற்ற குரல்கள் இல்லை, அரங்கேற்றத்தில் ஆடம்பரம் இல்லை, ஆனால் பெரிய அரங்கின் கூரையடியில் கொடுக்கும் பணத்துக்கு இங்கே ஆறாவது வரிசையில் அமர்ந்து பாடகரின் நெற்றி வியர்வையைப் பார்க்கலாம். கட்டண விஷயத்தில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தவை இவையே.

காசே வேண்டாதவையும் உண்டு. வியன்னாவில் ஓபரா பருவத்தின் தொடக்க, இறுதி மாதங்களில் அரங்கின் வெளிச்சுவரில் 50 சதுர மீட்டர் திரையில் நேரலையாகக் காட்டுகிறார்கள். இணையத்தில் ஓபராவிஷன் தளத்தில் பல அரங்குகளின் முழு நிகழ்ச்சிகளை இலவசமாகப் பார்க்க முடிகிறது. ஓர் ஓபராவை நின்று பார்க்கத் தகுமா என்பதை நான் இப்போதெல்லாம் அங்கே முதல் அங்கத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்கிறேன்.

முழங்கால் முன்போல் இல்லாததால் சென்ற ஆண்டிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட எதற்கும் நிற்கும் டிக்கெட் வாங்குவதில்லை. உச்சி அடுக்கின் நடுவில் ஒரு மலிவான இருக்கை, கையடக்கத் தொலைநோக்கி, இவ்வளவே. வாக்னரின் நீண்ட ஓபராவான ‘கோட்டர்டெம்மருங்’ ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறேன்: புதிய பருவத்தின் அட்டவணை வசந்தத்தில் வெளியானதும் அது இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அன்றிலிருந்தே மாதந்தோறும் ஒரு சிறு தொகையை எடுத்து வைத்து, விற்பனை தொடங்கும் நாளில் கீழ்த்தளத்தில் ஓர் இருக்கை வாங்குகிறேன். தொடக்கத்தில் சொன்ன, முழு விலை கொடுத்துப் பார்த்த அந்த மூன்று மாலைகளில் இரண்டு அதற்காகத்தான்.