ஆறு மொழியில் மெய்நிகர் சுற்றுலா செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

வீட்டைப் போனிலேயே சுற்றிப் பார்க்கும் மெய்நிகர் சுற்றுலா செய்து தருவதாகச் சொல்லி எங்களை ஏமாற்றிய அதே ஆட்கள், போன கிழமை யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு வீட்டுக்காரரிடம் போய் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். அதே விதத்தில் யார் வந்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

எங்களுடையது நல்லூர்ப் பக்கம் ஒரு நாற்சார் வீடு, அம்மம்மா காலத்தது. நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், மழை பெய்தால் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்துக்குள் விழும். அம்மா போன பிறகு பூட்டி வைக்க மனம் வராமல் மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டேன். வருபவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம்தான். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. பேரப்பிள்ளைகளுக்கு பிரெஞ்சு, ஜேர்மன், நோர்வே மொழி என்று ஆகிவிட்டது. இனிப் பயணம் செய்ய முடியாத வயதானவர்கள் போனில் வந்து, "ஒருக்கா முற்றத்தைக் காட்டு பிள்ளை" என்று கேட்பார்கள்.

அதனால்தான் சென்ற வருடம் வைகாசியில் அந்த நிறுவனத்தின் தம்பி வந்து 360 பாகைப் படத்தைக் காட்டியபோது உடனே பிடித்துப்போனது. விரலால் இழுத்தால் வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம், அம்புக்குறியைத் தொட்டால் அடுத்த அறைக்குப் போகலாம், அந்தந்த இடத்தில் விளக்கம் குரலில் வரும். எங்கள் வீட்டோடு யாழ்ப்பாணக் கோட்டை, யாழ்ப்பாண நூலகம், நல்லூர், ஆரியகுளம், நெடுந்தீவு எல்லாம் சேர்த்து எடுப்பதாகப் பேச்சு. படம் எடுக்க 1,75,000 ரூபா. தமிழ், சிங்களம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், நோர்வே என்று ஆறு மொழிக்கு, மொழி ஒன்றுக்கு 25,000 ரூபா. "ஒவ்வொரு மொழிக்கும் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆட்கள் இருக்கினம் அக்கா" என்றார். மொத்தம் 3,25,000. இரண்டு இலட்சம் முன்கூட்டியே வாங்கினார்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் தருவதாகச் சொன்னதை ஐப்பசியில் தந்தார்கள். விடுமுறைக்கு வரும் சனம் எல்லாம் வந்து போய்விட்டது.

தாமதத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. விளக்கத்தை நானே தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன், பதின்மூன்று பக்கம். அதற்கு இரண்டு மாதம் எடுத்தேன். அப்பாவின் பழைய கொப்பிகளைப் பார்த்து, ஊரில் வயதானவர்களிடம் கேட்டு எழுதியது.

முதலில் தமிழைப் போட்டுக் கேட்டேன். குரல் இயந்திரக் குரல். சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அது நான் எழுதிய தமிழ் இல்லை. பருத்தித்துறை என்று நான் எழுதிய இடத்தில் "பாயின்ட் பெட்ரோ" என்றது. நெடுந்தீவு "டெல்ஃப்ட்" ஆகியிருந்தது. நாற்சார் வீடு "நான்கு பக்க இல்லம்". அப்போதுதான் விளங்கியது: என் தமிழை ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த ஆங்கிலத்தை இயந்திரத்தில் போட்டு மற்ற எல்லா மொழிக்கும் மாற்றியிருக்கிறார்கள். தமிழுக்கும் அப்படியே திரும்ப மாற்றியிருக்கிறார்கள். தமிழில் எழுதிக் கொடுத்த ஒருத்திக்குத் தமிழுக்கென்று 25,000 ரூபா எடுத்துவிட்டுச் செய்த வேலை இது.

நூலகப் பகுதியில்தான் எனக்குக் கை நடுங்கியது. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் 97,000 வரையான நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிக்கப்பட்டன என்று எழுதியிருந்தேன். அவர்களுடைய குரல் "தீ விபத்தில் சேதமடைந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனது. விபத்து! அந்த ஒரு சொல்லை ஒஸ்லோவில் இருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எங்கள் வீட்டின் பெயரில் கேட்டு நம்பியிருக்கும்.

பிரெஞ்சை என்னால் சரிபார்க்க முடியாது. பாரிசில் இருக்கும் அக்காவின் மகளுக்கு இணைப்பை அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் போன் வந்தது. "சின்னம்மா, நல்லூரில கார் ஓட்டப் போட்டி நடக்குதா?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம் என்று எழுதியிருந்தேன். தேரை ஆங்கிலத்தில் "கார்" என்று எழுதும் பழக்கம் முந்தியிருந்தே இருக்கிறது. அதை இயந்திரம் பிரெஞ்சில் "வுவத்யூர்" என்று போட்டுவிட்டது, வீதியில் ஓடும் மோட்டார் வாகனம். பனம் பொருட்களும் அப்படியே. பனைக்கு ஆங்கிலத்தில் "பால்மைரா" என்பார்கள், சிரியாவில் அதே பெயரில் ஒரு பழைய நகரம் இருக்கிறது. ஆகவே எங்கள் ஒடியலும் பனாட்டும் பிரெஞ்சில் சிரியாவிலிருந்து வந்தவையாகிவிட்டன.

ஜேர்மன் இன்னும் மோசம். இலங்கை ஆங்கிலத்தில் குளத்தை "டாங்க்" என்றுதானே எழுதுவோம். ஆரியகுளத்தின் படத்துக்கு மேல் ஜேர்மன் எழுத்தில் "பன்சர்" என்று இருந்தது, யுத்த டாங்கி. சூரிச்சில் இருக்கும் ஒரு அண்ணா, இங்கிருந்து 1990இல் வெளிக்கிட்டவர், அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதை முதலில எடு" என்று மட்டும் சொன்னார். சிங்களத்தை எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை கேட்டார், ஓரளவு பரவாயில்லை என்றார். நோர்வே மொழியைக் கேட்டுச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

அப்புறம் படங்களைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். "நல்லூர்க் கோயில் உட்பக்கம்" என்று ஒரு காட்சி. நல்லூருக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், யாழ்ப்பாணத்தில் இது தெரியாதவர் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே தூணுக்குப் பக்கத்தில் நின்ற ஆண்கள் இரண்டு பேர் மேற்சட்டை போட்டிருந்தார்கள். நல்லூருக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அது வேறு எங்கோ உள்ள கோயில். நெடுந்தீவுக்கும் அவர்கள் போகவே இல்லை என்று நினைக்கிறேன். குறிகட்டுவானில் படகு ஏறும் இடம் மட்டும் அவர்கள் எடுத்தது. குதிரைகளும் கல்வேலியும் உள்ள படங்கள் மங்கலாக, வேறு அளவில் இருந்தன.

இதையெல்லாம் எழுதி அனுப்பி, திருத்தித் தந்தால் மிச்சப் பணத்தைத் தருகிறேன் என்றேன். பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் இணைப்பைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். இணையத்தள முகவரியை அவர்கள் தங்கள் பெயரில் பதிந்திருந்தார்கள். எங்கள் வீட்டின் பெயர், எங்கள் பெயரில் இல்லை. முழுப் பணமும் கட்டி, மாதாமாதம் பராமரிப்புக் காசும் தந்தால் திரும்பத் திறப்பார்களாம். மாதக் காசு பற்றி முதலில் ஒரு சொல் இல்லை. எங்கள் வீட்டின் மூலப் படங்களையாவது தாருங்கள் என்று கேட்டேன். அவை நிறுவனத்தின் சொத்து என்றார்கள். என் அம்மாவின் அறையின் படம் அவர்களுடைய சொத்து.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் எடுத்துச் சொன்னேன், மத்தியஸ்த சபைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொட்டேசனும் வங்கிப் பற்றுச்சீட்டும் வட்ஸ்அப் செய்திகளும் இருந்தபடியால் அவ்வளவாவது செய்ய முடிந்தது. வாய்ப்பேச்சில் காசு கொடுத்தவர்கள் எங்கே போவார்கள்?

உங்களிடம் வந்தால், மொழிபெயர்ப்பவர் யார் என்று பெயரைக் கேளுங்கள், அவரோடு போனில் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். உண்மையான ஆள் இருந்தால் பேசவிடுவார்கள். ஒரு இடத்துக்கு மட்டும் மாதிரி செய்து வாங்கி, அந்த மொழி தெரிந்த உங்கள் சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். இதில் எங்களுக்கு இருக்கிற வசதி வேறு யாருக்கும் இல்லை, எந்த நாட்டிலும் எங்களுக்கு ஒரு மருமகன் இருக்கிறான். தேர், பனை, குளம் மூன்றும் வரும் பகுதியையே மாதிரியாகக் கொடுங்கள், இயந்திரமா மனிதரா என்று உடனே தெரியும். இணையத்தள முகவரியை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் பதிய வேண்டும். மூலப் படங்களைக் காசு கொடுக்கும் அன்றே வாங்குங்கள். 360 பாகைப் படம் அகலத்தில் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும், நேராகப் பார்த்தால் ஓரங்கள் வளைந்து தெரியும். அதுதான் மூலம், பார்த்து வாங்காவிட்டால் ஏமாற்றி வேறொன்றைத் தந்துவிடுவார்கள்.

இப்போது வீட்டை மட்டும் திரும்ப எடுத்திருக்கிறோம். இங்கே படிக்கும் ஒரு மாணவன் வாடகைக் கமெரா வைத்து இரண்டு நாளில் எடுத்துத் தந்தான். தமிழை நான் பேசினேன். பிரெஞ்சை அக்காவின் மகள் தன்னுடைய அறையில் இருந்து போனில் பதிந்து அனுப்பினாள். தேர் என்ற சொல்லை மாற்றாமல் தேர் என்றே சொல்லி, அது என்ன என்று ஒரு வசனத்தில் விளக்கியிருக்கிறாள். ஜேர்மனுக்கு சூரிச் அண்ணாவின் மகன் சம்மதித்திருக்கிறான். நோர்வே மொழிக்குத்தான் இன்னும் ஆள் இல்லை. ஒஸ்லோவிலோ பேர்கனிலோ இருப்பவர்கள் யாராவது ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் சொல்லுங்கள். எழுத்தை அனுப்பிவைக்கிறேன்.