ஆப்பா, ஒர்க்புக்கா, அட்டையும் பகடையுமா?

சின்னப் பிள்ளைக்கு வீட்லயே எழுத்தும் எண்ணும் பழக்கணும்னா பொதுவா மூணு வழி இருக்கு, ஆப், ஒர்க்புக், இல்லன்னா நாமளே வெட்டி எழுதுன அட்டையும் ஒரு பகடையும். என் பொண்ணுக்கு மூணையும் குடுத்துப் பாத்துட்டு அட்டைப் பக்கம் வந்து நின்னவன் நான், அதனால சாய்வோடதான் எழுதுறேன், தெரிஞ்சே படிங்க.

ஆப்ல சத்தம் கேக்கும், படம் ஆடும், பிள்ளை தனியா உக்காந்துக்கும். ஒர்க்புக்ல பாடம் வரிசையா போகும், எவ்ளோ முடிஞ்சுதுன்னு புரட்டுனா தெரியும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

நான் பாத்தது ஒண்ணே ஒண்ணு. பிள்ளை தப்பு பண்ணா அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நமக்குப் புரியுதா? ஆப்ல நாலு படத்துல ஒண்ணைத் தொடணும்னா, தப்பாச்சா அடுத்தது, அதுவும் தப்பா அதுக்கடுத்தது, கடைசில எப்படியும் நட்சத்திரம் கொட்டிடும், நமக்குத் தெரியுறது அந்த நட்சத்திரம் மட்டும்தான். ஒர்க்புக் பரவால்ல, தப்பு பேப்பர்லயே நிக்கும், ஆனா அந்த வயசுல விரல் சீக்கிரம் வலிச்சிடும், எழுத்து தெரியாம விட்டாளா கை வராம விட்டாளான்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது.

அட்டைன்னா எல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும். 247 எழுத்துக்கும் வெட்ட வேண்டாம். உயிர் 12, க ங ச னு போற 18, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் தனித்தனி துண்டு, புள்ளிக்கு ஒரு சின்ன பொத்தான். உகர, ஊகார வரிசை மட்டும் கு, சு, டு, கூ, சூ, டூ னு ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி வளையும், அதைத் தனியா எழுதித்தான் ஆகணும். முதல்ல ட, ப, ம, கூடவே கால், பொத்தான் மட்டும் எடுத்தா படம், பாடம்னு உடனே வார்த்தையே வந்துடும். "கொ" வைக்கச் சொன்னா என் பொண்ணு முதல்ல க, அப்புறம் கொம்பு, அப்புறம் கால்னு வைப்பா. காதுல விழுற வரிசைப்படி அவ வச்சது சரிதானே, எழுத்துல கொம்பு முன்னாடி வந்துடுது, அவ்ளோதான் விஷயம்! ஆப்ல இதுக்கு டொய்ங்னு ஒரு சத்தம் வந்திருக்கும், இங்க கொம்பைத் தூக்கி முன்னாடி வச்சா முடிஞ்சுது.

கணக்குக்கு 1லேர்ந்து 10 வரைக்கும் நேரா ஒரே வரிசைல கட்டம் போடுங்க, பகடைல 1, 2 மட்டும் விழுற மாதிரி எழுதிக்கோங்க. 2008ல கீதா ரமணி, ராபர்ட் சீக்லர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுல இப்படி எண் கட்டத்துல ஆடுன பிள்ளைங்களுக்கு எண்ணைப் பத்தின புரிதல் நல்லா ஏறிச்சு, கலர் மட்டும் இருந்த கட்டத்துல ஆடுனவங்களுக்கு அப்படி ஏறல. காய் 4ல இருக்கு, 2 விழுந்தா "அஞ்சு, ஆறு"ன்னு சொல்லி நகத்தணும். "ஒண்ணு, ரெண்டு"ன்னு நகத்துனா கட்டத்துல இருக்குற எண்ணை அவ பாக்கவே இல்லன்னு அங்கயே தெரிஞ்சிடும்.

கஷ்டம் என்னன்னா யாராவது கூட உக்காரணும், முடியாத நாள் வரத்தான் செய்யும், அட்டையும் சோஃபாவுக்கு அடியில போயிடும். பெரிய எண் கூட்டல் கழித்தலுக்கு ஒர்க்புக் முந்தலாம், நாங்க இன்னும் அந்த அளவுக்கு வரல. ல, ள, ழ பேசிக் காட்ட வீட்ல யாருக்கும் நாக்கு வளையாதுன்னா அதுக்கு மட்டும் ஒரு ஆப் இருக்கட்டும், நீங்களும் பக்கத்துல உக்காந்து கேளுங்க.