வாத்து கழுத்து நம்பர் படிக்க வாங்கின ஸ்பாட்டிங் ஸ்கோப்: ஒரு சீசன் ஓட்டிப் பாத்தாச்சு

ஸ்பாட்டிங் ஸ்கோப்னா தூரத்துல இருக்கற பறவைய பெருசாக்கிக் காட்டுற சின்ன டெலஸ்கோப். 20-60 ஜூம், முன்பக்க லென்ஸ் 65 எம்எம், டிரைபாடோட சேத்து 18 ஆயிரம் ஆச்சு. சும்மா பறவை பாக்கறதுக்கு இல்ல, திருநெல்வேலி பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வர்ற வரித்தலை வாத்து கழுத்துல காலர் (எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிக்க மாட்டுற நம்பர் போட்ட பட்டை) இருந்தா அந்த நம்பர படிக்கணும், அதுக்குன்னே வாங்கினது, ரிவ்யூவும் அத வச்சுதான்.

கால்ல போடுற மெட்டல் வளையம் பறவை திரும்ப கையில சிக்கினாத்தான் ஒழுங்கா படிக்க முடியும், வாத்தோட கால் வேற பாதி நேரம் தண்ணிக்குள்ளயே இருக்கும். அதான் மங்கோலியால கோடைல, இறகு உதிர்ந்து பறக்க முடியாம இருக்கறப்ப ஏரியில வளைச்சுப் பிடிச்சு கழுத்துல பச்சை காலர் மாட்டி விடுறாங்க. என் 8x42 பைனாகுலர்ல பச்சையா ஏதோ தெரிஞ்சதோட சரி, போன வருசம் பூரா அந்த வயித்தெரிச்சல்.

ஸ்கோப்ல ரெண்டாவது நாளே படிச்சிட்டேன், காலைல ஆறே முக்காலுக்கு, ஜூம் 35ல. 60க்கு ஏத்துனா இருட்டடிக்குது, ஒன்பது மணிக்கு மேல கானல் ஆடுற ஆட்டத்துல 3ஆ 8ஆன்னே தெரியல. பெட்டில போட்டிருக்கற 60அ நம்பாதீங்க, 40 வரைக்கும்தான் கணக்கு. ஒரு நம்பர் மாறுனா வேற வாத்தோட ஜாதகம் வந்துடும், அதனால போன் அடாப்டர் மாட்டி வீடியோ எடுத்து வச்சுக்கறது நல்லது.

டிரைபாட் சுத்த வேஸ்ட். லேசா காத்தடிச்சாலே ஆடுது, தண்ணி கேனை நடுவுல தொங்கவிட்டுத்தான் சமாளிச்சேன், ரிட்டர்ன் கேட்டா கடைக்காரர் போனே எடுக்கல.

பக்கத்துல நின்ன ஊர்க்கார அண்ணாச்சிக்கும் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ண எடுக்காம பாத்துட்டு, "சந்தையில ஆட்டுக்கு சீட்டு கட்டி விட்டாப்லல்லா இருக்கு" ன்னார். இதே இனம் இமயமலையத் தாண்டறப்ப 7,290 மீட்டர் உயரம் வரைக்கும் போனது டிராக்கர்ல பதிவாயிருக்குன்னு சொன்னதுக்கு, "அதான் வந்ததும் வயல்ல அந்த மேய்ச்சல் மேயுது" ன்னுட்டாரு.

நம்பர், தேதி, இடம், வீடியோ எல்லாத்தையும் மும்பை பிஎன்ஹெச்எஸ்க்கு (பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்) மெயில் பண்ணேன், 1927லருந்து பறவைங்களுக்கு வளையம் போடுறவங்க. மங்கோலியால மாட்டினதுதான்னு பதில் வந்துச்சு.

ஸ்கோப்புக்கு 4 ஸ்டார். டிரைபாட் இல்லாத பேக்கா பாத்து வாங்கி, கல்யாண போட்டோகிராபர் யார்ட்டயாவது பழைய கனமான டிரைபாட் கேளுங்க, நான் இப்ப அப்படித்தான் ஓட்டுறேன்.