அக்சஸ் கேட்ட சமன் குறி

கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் அத்தானுக்கு மொத்த வியாபாரம்: பருப்பு, செத்தல் மிளகாய், மல்லி. 2008இல் அவருடைய களஞ்சியக் கணக்குக்காக மைக்ரோசொப்ட்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸ் 2003இல் ஒரு தரவுத்தளம் எழுதிக் கொடுத்தேன். பிறகு பிள்ளைகள், வேறு வேலை என்று நிரல் எழுதுவதே விட்டுப்போனது. சென்ற மாதம் அத்தான் அழைத்தார். "தங்கச்சி, கடைப் பையன் ஒரு நாள் கணக்கை அப்படியே அழித்துவிட்டான். அழிப்பதற்கு முன் ஒரு தடவை கேட்கும்படி செய்து தருவாயா?"

அந்தப் பழைய கோப்பு அக்சஸ் 2021இல் மறுபேச்சின்றித் திறந்தது. அதற்கே முதல் பாராட்டு.

கேட்கும் வேலைக்கு, திரையில் ஒரு செய்திப் பெட்டியைக் காட்டும் மெசேஜ் பொக்ஸ் (MsgBox) கட்டளை. முதலில் ஒரு சிறு வசனத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதிப் பார்த்தேன், பெட்டி வந்தது. அதே அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி போட்டு ஆம், இல்லை பொத்தான்களையும் தலைப்பையும் சேர்த்ததும் வரி சிவந்தது. "எக்ஸ்பெக்டட்: =" என்றது, அதாவது இங்கே ஒரு சமன் குறி வர வேண்டுமாம். மேற்கோள் குறிகளைச் சரிபார்த்தேன், காற்புள்ளிகளை எண்ணினேன். ஒரு மாலை முழுவதும் போயிற்று.

பிழைச் செய்தி சொன்னது அப்பட்டமான உண்மை என்பது பிறகுதான் புரிந்தது. அடைப்புக்குறி போட்டால் "விடை வேண்டும்" என்று பொருள். அந்த விடையை எங்கே வைப்பது என்றுதான் சமன் குறியைக் கேட்கிறது. விடை வேண்டாமென்றால் அடைப்புக்குறியே கூடாது. வேண்டுமென்றால் சமன் குறி போட்டு ஒரு மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் பெயரில்) வாங்க வேண்டும், அல்லது "இப்" (If) என்ற நிபந்தனை வரிக்குள் வைத்து ஒப்பிட வேண்டும்: ஆம் என்றால் 6, இல்லை என்றால் 7. ஒற்றை வசனம் மட்டும் தப்பியது ஏன்? அங்கே அடைப்புக்குறி வெறும் கணக்கு அடைப்பாகிவிடுகிறது. கட்டளைக்கும் அடைப்புக்கும் நடுவில், நிரல் எழுதும் எடிட்டர் தானாக ஓர் இடைவெளி விடும், கவனியுங்கள். அதுதான் அடையாளம்.

எனக்கு மிகவும் பிடித்தது பொத்தான்களை எண்களாகக் கூட்டும் முறை. ஆம்–இல்லைக்கு 4, கேள்விக்குறிப் படத்துக்கு 32, இரண்டாவது பொத்தானை முன்தெரிவாக்க 256. அந்த 256ஐ விட்டுவிடாதீர்கள். அவசரத்தில் என்டர் தட்டுகிறவனுடைய விரல் அப்போது "இல்லை"யில்தான் விழும்.

தமிழுக்கு மட்டும் அங்கே இடமில்லை. நிரல் எடிட்டரில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். அட்டவணையிலும் படிவத்திலும் தமிழ் அழகாகவே நிற்கிறது. ஆகவே இரண்டு பொத்தான்களோடு ஒரு சிறு படிவம் செய்து, அதை டயலொக் முறையில் திறக்கவைத்தேன். பதில் வரும்வரை நிரல் காத்திருக்கும்.

விண்டோஸ் கணினி ஒன்றும் ஓரிரு கணக்காளர்களும் உள்ள கடைக்கு அக்சஸைத் தயங்காமல் சொல்வேன். ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது. மூடைக் கணக்குக்கு அது தாராளம். இப்போது அத்தானின் கணினி "இந்தக் கணக்கை அழிக்கவா?" என்று தமிழில் கேட்கிறது.