இலண்டன் போர்க்கால நூல்கள்: தோல் கட்டா, கலிக்கோக் கட்டா?

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் பட்ட பாட்டைச் சொல்லும் நூல்களை மட்டக்களப்பில் இருந்துகொண்டு சேர்ப்பவர் மூன்று வகைகளுள் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது: போர் நடக்கையிலேயே அச்சான கலிக்கோக் (பருத்தித் துணிக்) கட்டுப் பிரதி, பிற்காலத்தில் ஆட்டுத்தோலால் கட்டிப் பொன்னெழுத்திட்ட பதிப்பு, மலிவான பிரதியை வாங்கி இங்கேயே மறுகட்டுச் செய்துகொள்வது.

அழகில் தோல் கட்டுக்கு ஈடில்லை. ஆனால் கச்சான் காற்றில் காய்ந்து, மாரியில் ஈரம் குடிக்கும் ஊர் இது. கார்த்திகையிலிருந்து தை வரை கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்த தோல் நூலொன்றை எடுத்தபோது, அதன் முதுகில் திருநீறு பூசினாற்போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பருத்தித் துணியால் துடைத்ததும் வெண்மை போயிற்று, கறை போகவில்லை. காற்றுப் புகாத அலுமாரியை நம்பியது என் பிழைதான்.

போர்க்காலப் பிரதி பார்வைக்கு ஏழை. பதிப்பகங்களுக்கான தாள் ஒதுக்கீடு ஒரு கட்டத்தில் போருக்கு முந்திய அளவின் 37.5 வீதமாகக் குறைந்தது. 1942இல் நடைமுறைக்கு வந்த சிக்கன உடன்பாடு எழுத்தின் அளவையும் ஓர வெளியையும் கட்டுப்படுத்தியது. புத்தகத்தின் மேல் சிங்கம் அமர்ந்த சின்னம் உட்பக்கத்தில் இருந்தால், அது அந்த உடன்பாட்டின்படி அச்சானது. 1940 டிசம்பர் 29ஆம் திகதி இரவு, பதிப்பகங்கள் நிறைந்த பாற்றர்நொஸ்ரர் வீதியில் ஏறத்தாழ 50 இலட்சம் நூல்கள் எரிந்தன என்பதை, மெலிந்து பழுத்த அத்தகைய தாளில் வாசிப்பதும் வழுவழுப்பான தாளில் வாசிப்பதும் ஒன்றல்ல. அதே 1942இன் ஏப்ரல் 9ஆம் திகதி ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் நம் கடலில்தான் மூழ்கியது என்பதால், அவ்வாண்டுப் பிரதிகள் மீது எனக்குத் தனிப்பட்ட பற்றும் உண்டு. கலிக்கோவின் கஞ்சிப் பசையை இராமபாணப் பூச்சி அரிக்கும் என்பதும், மேலுறையோடு கிடைத்தால் விலை பன்மடங்காகும் என்பதும் இவ்வகையின் குறைகள்.

மறுகட்டு வாசிப்புக்குப் போதும். றெக்சின் அட்டையில் பூஞ்சணம் எளிதில் பிடிப்பதில்லை. ஆயினும் நான் கொடுத்த ஒரு நூலின் ஓரத்தைக் கட்டுபவர் சீராக வெட்டப்போய், மடிப்பு வரைபடத்தில் தேம்ஸ் நதியின் கழிமுகம் காணாமற்போயிற்று. போர்க்கால அச்சை ஒருபோதும் மறுகட்டுக்குக் கொடுக்கலாகாது.

ஆகவே என் பணம் முதலில் போர்க்காலப் பிரதிகளுக்கே போகிறது. தோல் கட்டில் ஒன்றிரண்டு போதும். அவற்றையும் திறந்த தட்டில், சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து, மாரியில் வாரம் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும்.