கனசாவா: இரண்டு பேர் அவசரமில்லாமல் சுற்ற ஒரு நாள்

ஜப்பானில் கணவனும் மனைவியுமாக ஒரு நாளை நிதானமாகக் கழிக்க ஊர் கேட்பவர்களுக்குக் கியோத்தோவைவிடக் கனசாவாவைத்தான் பரிந்துரைப்போம். தோட்டம், கோட்டை, அருங்காட்சியகம், சந்தை, பழைய தேநீர் விடுதித் தெரு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 20 நிமிட நடை போதும். ஒரே நிபந்தனை, நேர வரிசை. தோட்டம் கோடையில் காலை 7 மணிக்கே திறந்துவிடும். அருங்காட்சியகக் காட்சிக்கூடம் 10 மணிக்குத்தான். தேநீர் விடுதித் தெருக் கடைகளோ மாலை 5 மணிக்கே மூடத் தொடங்கும். இந்த வரிசையை மாற்றிப் போட்டால் பாதி இடங்களில் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

தோக்கியோவிலிருந்து வேகமான ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ககாயாகி வண்டியில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுதான்; முன்பதிவில்லாத பெட்டி வேண்டுமானால் சற்று மெதுவான ஹகுதகாவில் ஏற வேண்டும். ஒசாகாவிலிருந்து வருபவர்கள் 2024 மார்ச் முதல் சுருகா நிலையத்தில் இறங்கி வண்டி மாறுகிறார்கள். எங்கிருந்து வந்தாலும் முந்தின இரவே வந்து தங்கிவிடுவது நல்லது. காலைத் தோட்டத்தை இழந்தால் இந்த ஊரின் சிறந்த பகுதியை இழந்த மாதிரி.

நகரைச் சுற்றும் லூப் பேருந்து இரண்டு திசையிலும் ஓடுகிறது. ஒரு முறை ஏற 210 யென், ஒரு நாள் சீட்டு 800 யென். நான்கு முறை ஏறினால்தான் நாள் சீட்டு லாபம். நிதானமாகச் சுற்றும் ஜோடிக்கு இரண்டு, மூன்று பயணமே தேவைப்படும் என்பதால் பெரும்பாலும் அதை வாங்க வேண்டியதில்லை. பின்கதவில் ஏறி, இறங்கும்போது முன்கதவருகே பணம் போட வேண்டும். மீதி தரமாட்டார்கள், ஓட்டுநர் பக்கத்து இயந்திரத்தில் 1,000 யென் நோட்டை முதலில் சில்லறையாக்கி, சரியான தொகையைப் போட வேண்டும். வண்டி நின்ற பிறகு இதைத் தொடங்கினால் பின்னால் வரிசை தேங்கிவிடும். மற்ற ஊர்களில் செல்லும் சுய்கா, இகோகா பயணக் கட்டண அட்டைகள் இங்கே சில பேருந்துகளில் செல்லாது. பையில் நாணயம் இருக்கட்டும்.

கென்ரோகுஎன் தோட்டம் 11 ஹெக்டேருக்கு மேல். நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 320 யென். மார்ச்சிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை 7 மணிக்கும், மற்ற மாதங்களில் 8 மணிக்கும் திறக்கிறார்கள். அதற்கும் முன்பே வருபவர்களுக்குக் கட்டணமில்லா நேரம் ஒன்று உண்டு. ரென்ச்சி வாசல், சுய்ஷின்சாகா வாசல் இரண்டு வழியாக மட்டும் உள்ளே விடுவார்கள். வழக்கமான நேரம் தொடங்கும் முன் வெளியேறிவிட வேண்டும். குளக்கரையில் இரண்டு காலில் நிற்கும் கொதோஜி கல்விளக்கின் அருகே 9 மணிக்கு மேல் படம் எடுக்க வரிசை நிற்கும். காலையில் போனால் அந்தத் தொல்லை இல்லை. கீழ்ப்பகுதியில் உள்ள சிறு நீரூற்றைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மேலேயுள்ள குளத்துக்கும் அதற்குமான உயர வேறுபாட்டிலேயே தண்ணீர் எழும்புகிறது, பம்பு கிடையாது. நவம்பர் 1 முதல் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். இந்தக் கடலோர ஊரில் விழும் பனி ஈரமானது, கனமானது, கிளையை ஒடித்துவிடும். அதனால் உயரமான கம்பங்களின் உச்சியிலிருந்து கயிறுகளை இறக்கி ஒவ்வொரு கிளையையும் தாங்கிப் பிடிக்கிறார்கள். கராசாகி பைன் மரம் ஒன்றுக்கே சுமார் 800 கயிறு! பனி விழாத நாளிலும் இதைப் பார்க்கவே வரலாம்.

தோட்டத்தை ஒட்டிய பாலத்தைக் கடந்தால் கோட்டைப் பூங்கா. அதற்குள் நுழையக் கட்டணமில்லை. 1788-இல் கட்டிய இஷிகாவா வாசலையும் கல்சுவர்களையும் அரை மணியில் பார்த்துவிடலாம்.

2004-இல் திறந்த 21-ஆம் நூற்றாண்டு தற்காலக் கலை அருங்காட்சியகம் தோட்டத்தின் மறுபக்கம், சாலைக்கு எதிரே இருக்கிறது. திங்கள்கிழமை விடுமுறை, திங்கள் அரசு விடுமுறையானால் அடுத்த நாள் மூடுவார்கள். கலைஞர் லெயாந்த்ரோ எர்லிக்கின் 'நீச்சல் குளம்' என்ற படைப்புக்காகவே பலர் வருகிறார்கள். கண்ணாடிக்கு மேல் நிற்பது சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர்தான். கீழே நிற்பவர் மூழ்கியிருப்பதுபோல் தெரியும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று எடுக்கும் படம் ஜோடிகளுக்கென்றே அமைந்தது. கீழ்த்தளத்துக்குக் காட்சிச் சீட்டோடு அன்றைய வரிசை எண்ணும் வேண்டும். மதியம் வந்தால் எண் தீர்ந்திருக்கலாம், எனவே உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதை வாங்குங்கள். மழை பெய்தால் மேல்பகுதியை மூடிவிடுவார்கள். கனசாவா மழை பேர் போனது: சோற்று டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது இந்த ஊர்ப் பழமொழி.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஓமிச்சோ சந்தையைச் சொல்வார்கள். சந்தை பார்க்க அருமைதான். கடல் உணவுக் கிண்ணம் மட்டும் விலைக்கேற்ற மதிப்பில்லை. 3,000 யென்னைத் தாண்டும் கிண்ணங்கள் ஏராளம், 11 மணிக்கே வரிசை. நவம்பர் 6 முதல் டிசம்பர் கடைசி வரை கிடைக்கும் பெண் நண்டுக்கு மட்டும் அந்த வரிசையில் நிற்கலாம். புதன், ஞாயிறுகளில் பல மீன் கடைகள் மூடியிருக்கும். வாங்கியதைக் கடை முன்னாலேயே நின்று சாப்பிட்டு, குச்சியையும் தட்டையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். நடந்துகொண்டே சாப்பிடுவதை இங்கே விரும்புவதில்லை. சைவம் உண்பவர்கள் கவனிக்க வேண்டியது தாஷி, அதாவது சமையலுக்கு அடிப்படையான சாறு; அது பெரும்பாலும் மீனில் எடுப்பது. காய்கறிக் குழம்பு, நூடுல்ஸ், ஏன் இனிப்பான இனாரி சுஷியின் உறைகூட மீன் சாற்றில் வெந்ததாக இருக்கலாம். 'இறைச்சி இல்லை' என்ற பதில் போதாது; தாஷி எதிலிருந்து என்று கேட்க வேண்டும்.

மதியம் 2 மணிக்குள் ஹிகாஷி சாயா என்ற தேநீர் விடுதித் தெருவில் இருந்தால் வாங்குவதற்கு நேரம் தாராளம். 1820-இல் உருவான தெரு. மரச் சட்டங்கள் நெருக்கமாக அடித்த முகப்புகளை உற்றுப் பாருங்கள். உள்ளிருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. ஷிமா என்ற பழைய விடுதியின் மாடியறைகள் கட்டணம் கொடுத்துப் பார்க்கத் தக்கவை.

ஜப்பானின் தங்க ரேக்கில் ஏறக்குறைய எல்லாமே இந்த ஊரில்தான் தயாராகிறது. ஒரு ரேக்கின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தங்க ரேக்கு ஒட்டிய ஐஸ்கிரீம் ஆயிரம் யென்னை நெருங்கும். தங்கத்துக்குச் சுவை இல்லை, உதட்டில் ஒட்டும், காற்றடித்தால் கிழியும். இரண்டு பேருக்கு ஒன்று போதும். அந்தப் பணத்தைப் பயிற்சி வகுப்பில் போடுவது மேல்: சாப்ஸ்டிக்கிலோ சிறு பெட்டியிலோ நாடா ஒட்டி வடிவம் பிரித்து, பசை தடவி, ரேக்கை வைத்து, மிஞ்சியதைத் தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியும். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அப்படிச் செய்த பொருளைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது.

இந்தப் பகுதியின் குதானி பீங்கானில் ஜோடிக் கோப்பைகள் கிடைக்கின்றன. ஒன்று சற்றுப் பெரியது, மற்றது சிறியது. கையால் வரைந்ததா, அச்சா என்பதே விலையைத் தீர்மானிக்கும். பச்சை, மஞ்சள், ஊதா வண்ணங்கள் விரலுக்கு மேடாகத் தட்டுப்பட்டால் கைவேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். உருப்பெருக்கியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. கனமில்லாத பரிசு வேண்டுமா? வறுத்த தேயிலைக் காம்பில் செய்த ககா போச்சா வாங்கலாம். கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிட்டால் மணம் முழுதாக வரும். 1625-இல் தொடங்கிய மொரிஹாச்சி கடையின் சோசெய்தென் அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து அச்சில் அழுத்திய இனிப்பு, நாள்பட நிற்கும்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கான வரிவிலக்குக்கு ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாகக் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முதலில் வரியோடு கட்டி, நாட்டை விட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெறும் முறை வருகிறது. இருவரும் தனித்தனி ரசீது போட்டுத் தொகையைப் பிரித்துவிடாதீர்கள்.

விட்டுப்போனதை ரயில் நிலையத்தில் உள்ள அந்தோ கடைவரிசையில் இரவு 8 மணி வரை வாங்கலாம். தவராயா கடையின் ஜிரோஅமே அரிசிப் பாகு மட்டும் சர்வதேச விமானத்தில் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிக்கு மேற்பட்ட ஜாடியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.